முதலாளிமார் பக்கம் வாதாடும் சட்டத்தரணி: மகளுக்குச் சரிவருமா?

தொழில் வழக்குகளில் கம்பனிகள் பக்கம் வாதாடும் சட்டத்தரணியாக மகள் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் வருமானக் கவலையைவிடப் பெரிதாக இன்னொன்று தெரிகிறது: கம்பனிக்காக வாதாடினால் ஏழைகளின் வயிற்றில் அடித்த பாவம் சேருமோ? அப்படிப் பயப்பட வேண்டாம். இந்தத் துறையில் பாதி வேலை, "இவரை இன்றைக்கே அனுப்பப் போகிறோம்" என்று கொதிக்கும் முகாமையாளரைத் தடுத்து நிறுத்துவதுதான்.

காரணம், தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். சராசரியாக 15 பேராவது வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாளாவது பணிபுரிந்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். கம்பனி நட்டத்தில் ஓடுகிறது என்பது இதற்கு விலக்கு ஆகாது. அனுமதி பெறாத நிறுத்தம் செல்லாது. சம்பளத்தோடு திரும்ப எடுக்கும்படி கட்டளை வரலாம். ஒழுக்காற்று நிறுத்தம் என்றாலும், நிறுத்திய பின் வரும் இரண்டாவது வேலை நாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

வேலையிழந்தவர் ஆறு மாதத்துக்குள் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலைநீக்கம் செய்ததைக் கம்பனி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று முதலில் சாட்சி வைக்க வேண்டியதும் கம்பனிதான். அங்கேதான் வழக்குகள் சறுக்குகின்றன. கம்பனி தொழிலாளிக்குக் கொடுத்த குற்றப்பத்திரத்தில் "ஒழுங்கீனம்" என்று மட்டும் இருக்கும், திகதியோ இடமோ இராது. முறைப்பாடு செய்த முகாமையாளரே கம்பனியின் உள் விசாரணையில் விசாரணை அதிகாரியாகவும் அமர்ந்திருப்பார். இராஜினாமாக் கடிதம் மிரட்டி எழுதி வாங்கப்பட்டிருக்கும். ஆறு மாதம் முன்பே கெட்டுப்போன வழக்குக் கோப்பை எந்தப் பேச்சுத் திறமையும் காப்பாற்றாது. ஆகவே உங்கள் மகள் மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவளா என்பதைவிட, ஒரு கடிதத்தைத் தெளிவாக எழுதுவாளா என்று பாருங்கள்.

கணக்கும் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். 15 பேராவது உள்ள நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, அதுவும் வேலை முடிந்து 30 நாளுக்குள்.

சட்டத்தரணியாகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: கொழும்பு புதுக்கடை சட்டக் கல்லூரி, அல்லது சட்டமாணிப் (LLB) பட்டம் எடுத்துவிட்டு அங்கே பரீட்சை. பிறகு ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம். சிங்களம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. கொழும்பில் வேலைத்தல விசாரணைக் குறிப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இரண்டையும் வாசிக்க இப்போதே பழகட்டும். வருமானம் ஆரம்ப வருடங்களில் மெலிந்துதான் இருக்கும். மாதச் சம்பளம் அவசியமானால் கம்பனிகளின் சட்டப் பிரிவையோ 1929 இல் தொடங்கிய முதலாளிமார் சம்மேளனத்தையோ பார்க்கலாம்.

பயிற்சிக்குச் சேருமுன் சீனியரிடம் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: குற்றப்பத்திரம் வரையவும் விசாரணையில் உட்காரவும் விடுவாரா, நீதிமன்றத்தில் தவணை (வழக்கின் அடுத்த திகதி) எடுக்க மட்டும் அனுப்புவாரா? தவணைக்கு மட்டும்தான் என்றால் வேறு இடம் தேடட்டும்.