நிலப் பயன்பாடு பற்றிய கணினி மாடல்களை நம்பிக் கொள்கை முடிவு எடுக்கலாமா?

யாரோ ஒரு ஆலோசகர் உங்கள் மேசையில் வண்ண வரைபடத்தை விரித்து, "துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல்" என்று சொல்லியிருக்கிறார், சரியா? அதே வரியை ஒரு காலத்தில் அறிக்கையில் எழுதியவன் நான்.

பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். 30 மீட்டர் பிக்சல், அதாவது ஒன்று கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் படத்தைக் கொடுத்தால் இரண்டாவதை மாடல் ஊகிக்க வேண்டும். பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாக வந்தது. ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விளக்கக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து மண்ணியல் பேராசிரியை ஒருவர் கேட்டார்: "தம்பி, ஒண்ணுமே மாறாதுன்னு சொல்லிட்டுச் சும்மா இருந்திருந்தா எத்தனை சரியா வந்திருக்கும்?"

அன்று ராத்திரி பழைய படத்தை அப்படியே புதியதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் மாடலைவிட அதுதான் அதிகம் பொருந்தியது! பத்து வருடத்தில் பெரும்பாலான நிலம் இருந்தபடியேதான் இருக்கும். மாறிய பிக்சல்களை மட்டும் எண்ணினால், நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. கொள்கை வகுப்பவருக்கு வேண்டியதோ அந்த மாறிய இடங்கள்தான்.

போன்டியஸ், மில்லோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011இல் எழுதிய கட்டுரையை அப்புறம்தான் படித்தேன். எவ்வளவு பரப்பு மாறும் என்பதில் பிழையா, எந்த இடத்தில் மாறும் என்பதில் பிழையா என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். என்னுடையது பரப்பில் தேவலை, இடத்தில் மோசம். மொத்தப் பாசனத் தேவையைக் கணக்கிட அது போதும். எந்த வயலில் கட்டட அனுமதியை நிறுத்துவது என்று முடிவுசெய்யப் போதாது. உங்கள் ஆலோசகரிடம் இதைத்தான் கேளுங்கள்.

மாடல் என்றாலே எனக்கு ஆகாது என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் கொள்கையை அலச காப்ரி என்ற பொருளாதார மாடலைப் பயன்படுத்துகிறார்கள், நான் குறை சொல்லவில்லை. விவசாயி எந்தப் பயிரை எவ்வளவு போடுவார் என்று கணக்கிடும் பண்ணை மாடல்களில் வேறு சிக்கல். லாபத்தை மட்டும் பெருக்கச் சொன்னால், எல்லாரையும் ஓரிரு பயிர்களையே போடச் சொல்லும். நிஜ விவசாயி அப்படிச் செய்வதில்லை. அவர் உண்மையில் போடும் பயிர்ப் பரப்புக்கு மாடலைப் பொருத்தும் முறையை ஹோவிட் என்ற வேளாண் பொருளாதார அறிஞர் 1995இல் எழுதினார். அதுவும் நேற்றைய நடத்தையை வைத்துத்தான். இதுவரை பார்த்திராத மானியமோ தடையோ வந்தால், அந்தப் பொருத்தம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு கேள்வி.

கடைசியில் என் ஒப்பீட்டு அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். பச்சை எது, மஞ்சள் எது என்று நிறம் தேர்ந்தெடுத்தவர் பெயர் அறிக்கையின் முகப்பில் முதலில் இருக்கிறது. களச் சரிபார்ப்புக்காக ஜிபிஎஸ்ஸோடு சேற்றில் இறங்கி நடந்த இரண்டு பையன்களின் பெயர் எங்குமே இல்லை. அவர்களுடைய பயணப்படி பில்லைக் கையெழுத்து சரியில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.