கேளுங்க சொல்றேன்: இந்த வாரம் முழுக்க குரங்கு

போன இதழ்ல வால்பாறை ரோட்டோரத்துல ஒரு தாய்க்குரங்கு குட்டியோட உக்காந்திருக்க போட்டோ ஒண்ணு போட்டிருந்தோம். அதுக்கு வந்து குவிஞ்ச லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பார்த்துட்டு எடிட்டர் சார் "இந்த வாரம் வேற எதுவும் வேணாம், குரங்கே போதும்"னுட்டாரு. பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

மதுரை வாசகி: அழகர் மலைக்குப் போயிருந்தோம், ஒரு குரங்கு என் எதிர்ல உக்காந்து பல்லைக் காட்டி சிரிச்சுது, நானும் பதிலுக்கு சிரிச்சேன், உடனே பாய்ஞ்சு கையில இருந்த பையைப் பிடுங்கிடுச்சு. நான் என்னங்க தப்பு பண்ணேன்?

சிரிச்சதுதான் தப்பு! அது சிரிக்கவே இல்லம்மா. நம்ம ஊர் நாட்டுக்குரங்கு சத்தமில்லாம உதட்டைப் பின்னால இழுத்து பல்லைக் காட்டுச்சுன்னா பெரும்பாலும் "எனக்கு பயமா இருக்கு, என்னை விட்டுரு"ன்னு அர்த்தம், அதே வாயைத் திறந்து நேரா கண்ணைப் பார்த்து முறைச்சா "கிட்ட வந்தே, தொலைஞ்சே"ன்னு அர்த்தம். நீங்க அது கண்ணையே பார்த்துட்டு பல்லையும் காட்டியிருக்கீங்க, அதோட பாஷையில நீங்கதான் மொதல்ல சண்டைக்கு இழுத்திருக்கீங்க. சும்மா இருக்கும்போது பெரிசா கொட்டாவி விடுதே, அது கூட பல நேரம் தூக்கம் இல்ல, கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுறதுதான். அடுத்த தடவை பார்வையைத் தாழ்த்திக்கிட்டு, கையை விரிச்சு ஒண்ணுமில்லன்னு காட்டிட்டு, மெதுவா பின்னால நகருங்க, ஓடாதீங்க. பிடுங்கிட்டுப் போனதைத் திருப்பி இழுக்காதீங்க, கடி வாங்குறது பெரும்பாலும் அந்த இடத்துலதான். கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் நல்லா கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ரேபிஸ் ஊசியைப் பத்திக் கேளுங்க, மஞ்சள் வச்சா போதும்னு பாட்டி சொல்றதைக் கேக்காதீங்க. ஒரு ஆறுதல், நம்ம ஊர் குரங்காவது பிடுங்கினதோட போயிடுது. இந்தோனேஷியாவுல பாலித் தீவு உலுவாட்டு கோயில் குரங்குங்க டூரிஸ்டோட கண்ணாடி, செல்போனைத் தூக்கிட்டுப் போய் வச்சுக்கிட்டு பேரம் பேசும். திங்க கொடுத்தாதான் பொருள் திரும்பி வரும். எந்தப் பொருளுக்கு ஜனங்க ஜாஸ்தி பதறுவாங்கன்னு வயசான குரங்குகளுக்கு நல்லாவே தெரியும்னு 2021-ல ஆராய்ச்சியே பண்ணி எழுதிட்டாங்க.

பொள்ளாச்சி வாசகர்: போன இதழ் போட்டோவுல இருந்தது சிங்கவால் குரங்கா, கருமந்தியா? எங்க வீட்டுல பெரிய சண்டை. அது ஏன் ரோட்டுக்கு வருது?

சிங்கவால்தான், சண்டையில யாரு ஜெயிச்சாங்கன்னு எழுதுங்க. ரெண்டுமே கருப்பா இருக்கறதால இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருது. முகத்தைச் சுத்தி சாம்பல் கலர்ல பிடரி மயிர் இருந்து, வால் குட்டையா, நுனியில மட்டும் குஞ்சம் இருந்தா சிங்கவால். தலை மட்டும் பழுப்பா, வால் நீளமா தொங்கினா அது கருமந்தி. கருமந்தி இலை தின்னுற ஜாதி, அதோட வயித்துல அறை அறையா இருக்கும், தழையை ஊறவச்சுதான் ஜீரணம் பண்ணும். சிங்கவாலுக்கும் நாட்டுக்குரங்குக்கும் வயிறு அப்படி இல்ல, அதுக்குப் பதிலா கன்னத்துல பை இருக்கு, கிடைச்சதை அவசரமா அடைச்சுக்கிட்டு ஓடிப் போய் மரத்துல உக்காந்து நிதானமா மெல்லும். கருமந்தியை ஒரு காலத்துல லேகியத்துக்குன்னே சுட்டுத் தீர்த்தாங்க, 1972-ல வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்த பிறகுதான் அது கொஞ்சம் மூச்சு விட்டுச்சு.

ரோட்டுக்கு ஏன் வருதுன்னு கேட்டீங்கள்ல, அதைத்தான் கொஞ்சம் நீட்டி சொல்லணும். சிங்கவால் குரங்கு உலகத்துலயே மேற்குத்தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணுலயும் சேர்த்து காட்டுல மொத்தமே சுமார் 4000தான். இயல்பா அது தரையையே மிதிக்காத ஜீவன், வெடிபலா பழம், அத்திப்பழம், பூச்சின்னு உச்சிக்கிளையிலயே பொழப்பு ஓடிடும். வால்பாறையில 1890கள்ல ஆரம்பிச்சு டீ எஸ்டேட்டுக்காக காட்டை வெட்டி வெட்டி, இப்ப பச்சைக் கடல் மாதிரி டீச்செடி நடுவுல அங்கங்க தீவு மாதிரி துண்டு துண்டா சோலை நிக்குது. புதுத்தோட்டம் சோலை அப்படி ஒரு துண்டு, பக்கத்துலயே ஊரு, நடுவுல ரோடு. அந்தச் சின்ன இடத்துல நூத்துக்கு மேல சிங்கவால் இருக்கு, அதுங்களுக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போக கிளை கிடையாது, அப்ப இறங்கித்தானே ஆகணும்? இறங்கின இடத்துல நம்மாளு காரை நிறுத்தி பிஸ்கட்டை நீட்டுறாரு, போட்டோ எடுக்கறாரு, போயிடறாரு. குரங்கு அடுத்த காருக்காக அங்கயே உக்காந்திருக்கு, அடுத்த கார்க்காரர் பிரேக் போடல. அவ்வளவுதான்.

இதுல கணக்கு ஒண்ணு இருக்கு, அதைப் பார்த்தாதான் வயிறு எரியும். ஒரு பொட்டைக் குரங்கு ஒரு ஈத்துக்கு ஒரே குட்டிதான் போடும், அடுத்த குட்டிக்கு ரெண்டரை மூணு வருஷம் ஆகும். ஒரு தாய் வண்டியில அடிபட்டா அது ஒண்ணு மட்டும் போகல, வயித்துல தொங்கிக்கிட்டிருந்த குட்டியும் போச்சு, இனி வரவேண்டியதும் போச்சு. வனத்துறையும் அங்க வேலை பாக்குற இயற்கை ஆர்வலர் குழுவும் சேர்ந்து ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க, பழைய ஹோஸ் பைப்பெல்லாம் வச்சுதான் கட்டுனது, குரங்குங்க அதுல நடந்து போகுது. கீழ வர்ற கூட்டத்துக்கு வண்டியை நிறுத்தி வழிவிடறதுக்குன்னே வாட்ச்சர் நிக்கறாங்க. நீங்க அந்தப் பக்கம் போனா அவங்க கைகாட்டும்போது ஹாரன் அடிக்காதீங்க சார், உங்க டீ ஒண்ணும் ஆறிடாது.

திருப்பூர் வாசகர்: எங்க தோப்புல குரங்கு தொல்லை தாங்கல, தேங்காய் குரும்பையிலயே போகுது. இதுல குரங்கு குறைஞ்சுபோச்சுன்னு பேப்பர்ல போடறாங்க. யாரை நம்பறது?

ரெண்டு பேரையும் நம்பலாம். தோப்பு வச்சு நஷ்டப்படறவருக்கு நான் ஏசி ரூம்ல உக்காந்து ஜீவகாருண்யம் சொன்னா நீங்க இந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போடுவீங்க, அது நியாயமும் கூட. ஆனா உங்க கண்ணுல படறது எண்ணிக்கை இல்லங்க, கூட்டம். முன்ன நாட்டுக்குரங்கு ரோட்டோர ஆலமரம், அத்திமரம், புளியமரம்னு ஊருக்கு ஊரு பரவி இருந்துச்சு. ரோட்டை நாலு வழி ஆறு வழின்னு அகலப்படுத்தும்போது அந்த மரமெல்லாம் போச்சு, மிச்சம் இருந்ததுங்க கோயில், குப்பைமேடு, தோப்புன்னு நாலே இடத்துல வந்து அடைஞ்சிருச்சு. மைசூர் பக்கம் ரோடுரோடா போய் வருஷக்கணக்கா எண்ணிப் பார்த்தவங்க பாதிக்கு மேல காணோம்னு 2017-ல எழுதியிருக்காங்க. இப்ப இது சர்வதேசப் பட்டியல்லயே ஆபத்துல இருக்கற இனம். போதாததுக்கு வடக்க இருந்து செம்முகக் குரங்கு கொஞ்சம் கொஞ்சமா தெக்க இறங்கி வந்து இதோட இடத்தைப் பிடிக்குது.

பிடிச்சுட்டுப் போய் காட்டுல விட்டா தீந்துச்சுன்னு நினைப்பீங்க. பொட்டைங்க எல்லாம் அம்மா, மக, பேத்தின்னு பொறந்த கூட்டத்துலயே கடைசிவரை இருக்கும், கடுவன் மட்டும்தான் வளர்ந்ததும் வேற கூட்டம் தேடிப் போகும். அந்தக் குடும்பத்துல நாலைப் பிரிச்சு தெரியாத காட்டுல விட்டா, அங்க ஏற்கனவே இருக்கற கூட்டம் அடிச்சுத் துரத்தும், அதுவும் பிஸ்கட் தின்னு பழகினது, நேரா பக்கத்து ஊர் தோப்புக்குத்தான் வரும். உங்க தலைவலி அடுத்த ஊர்க்காரருக்குப் போகும், அவரு எனக்கு லெட்டர் போடுவாரு. நஷ்டத்துக்கு வனத்துறையில மனு கொடுங்க, ஊர்ல குப்பையை மூடி வைக்க வைங்க, கோயில் வாசல்ல குரங்குக்குன்னு பொரி விக்கற கடையை நிறுத்தச் சொல்லுங்க. மெதுவாத்தான் நடக்கும், வேற குறுக்கு வழி இல்ல.

சேலம் வாசகி: இந்தியாவுல வாலில்லாக் குரங்கு இருக்கா?

இருக்கு, ஒரே வகைதான், கிப்பன். ஹூலக் கிப்பன்னு சொல்வாங்க, வடகிழக்குல இருக்கு. ஆண் கருப்பு, வளர்ந்த பொண்ணு பழுப்புத் தங்கம், ரெண்டுக்கும் வெள்ளைப் புருவம், காலையில ஜோடியா சேர்ந்து கத்திப் பாடும், அந்தப் பாட்டு காடு முழுக்கக் கேக்கும். அஸ்ஸாம்ல ஜோர்ஹாட் பக்கத்துல ஹொல்லங்காபார்னு ஒரு சரணாலயம், சுமார் 21 சதுர கிலோமீட்டர்தான், அதுக்கு நடுவுல வெள்ளைக்காரன் 1887-ல போட்ட ரயில் தண்டவாளம் ஓடுது. கிப்பன் கையாலயே கிளைக்குக் கிளை ஊஞ்சலாடிப் போகுமே ஒழிய தரைக்கு வர்றது ரொம்ப அபூர்வம், அதனால ஒரு தண்டவாளம் அதுக்கு ஒரு சமுத்திரம் மாதிரி. அந்தப் பக்கம் பொண்ணு இருந்தாலும் இந்தப் பக்கத்து மாப்பிள்ளை போறது ரொம்பக் கஷ்டம்! வால்பாறை கதையேதான், ரோட்டுக்குப் பதிலா ரயிலு.

திண்டுக்கல் வாசகர்: தேவாங்கு குரங்கா?

தூரத்துச் சொந்தம், குரங்கு இல்ல. ராத்திரியில நடமாடி பூச்சி தின்னுற சாது, உங்க வேலிக்கு அது செய்யறது உபகாரம்தான். மாந்திரீகம், மருந்துன்னு அதைப் பிடிச்சு சித்ரவதை பண்ணது போதும்னு 2022-ல உங்க மாவட்டத்துலயும் கரூர்லயும் சேர்த்து 11,806 ஹெக்டேர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, தேவாங்குக்குன்னே நாட்டுல மொத சரணாலயம். காலரைத் தூக்கி விட்டுக்கோங்க.

சென்னை வாசகி: என் மச்சான் ரீல்ஸ் பார்த்துட்டு குட்டி கிப்பன் வாங்கி வளர்க்கணும்னு நிக்கறான், விலை கூட விசாரிச்சுட்டான். என்ன சொல்லி நிறுத்தறது?

அந்தக் குட்டி அம்மா வயித்தை விடாம பிடிச்சிருக்கும், அதைத் தனியா எடுக்கணும்னா அம்மாவைச் சுட்டுத்தான் எடுப்பாங்கன்னு சொல்லுங்க. அதுக்கும் அசையலன்னா, பேங்காக்ல இருந்து பெட்டிக்குள்ள குட்டிக் குரங்கோட வந்து உங்க ஊர் ஏர்போர்ட்லயே கஸ்டம்ஸ்ல மாட்டினவங்க எத்தனை பேருன்னு நியூஸைத் தேடிப் பாக்கச் சொல்லுங்க. அதுக்கும் அசையலன்னா, ஏழெட்டு வருஷத்துல அது பெரிசாகி கோரைப்பல் முளைச்சு அவன் காதைக் கடிக்கற அன்னைக்கு எனக்கு லெட்டர் போடச் சொல்லுங்க.

தஞ்சாவூர் வாசகர்: மனுஷனுக்கு வால் எப்பங்க போச்சு?

நமக்குத் தனியாப் போகல சார். சுமார் இரண்டரைக் கோடி வருஷம் முன்னால நமக்கும் கொரில்லா, சிம்பன்சி, உராங்குட்டான், கிப்பனுக்கும் பொதுவான பாட்டன் காலத்துலயே போயிடுச்சு. வால் வளர்றதுல சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் நடுவுல ஒரு சின்னத் துண்டு டிஎன்ஏ வந்து ஒட்டிக்கிட்டதுதான் காரணம்னு 2024-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சு, எலியில அதைச் சோதிச்சுப் பார்த்தப்ப வால் இல்லாத எலியும் கட்டைவால் எலியும் பொறந்துச்சு. "வால் போனாலும் சேட்டை போகல"ன்னு அடுத்த லெட்டர்ல எழுதலாம்னு இருந்தீங்கன்னா வேணாம், அதை ஏற்கனவே நாலு பேரு எழுதிட்டாங்க.