பட்டறைக் கேள்வி – பதில்: இழைப்புக் கூலி

கேள்வி: மர இழைப்புப் பட்டறை தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. பலகையின் முகத்தைச் சமப்படுத்தும் ஒரு சர்ஃபேஸ் பிளேனரும், தடிமனை ஒரே சீராக இறக்கும் 12 அங்குல திக்னஸரும் வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறையில் சதுர அடிக்கு 10 ரூபாய் என்பதால் நானும் அதையே வாங்குகிறேன். நாள் முழுக்க வேலை இருந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. சிலர் கன அடிக் கணக்கில் கூலி பேசச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: கன அடிக் கணக்கு வேண்டவே வேண்டாம். அது மரம் விற்பவரின் அளவு. ஒரு கன அடி மரம் ஒன்றேகால் அங்குலப் பலகையாக வந்தால் இரு முகமும் சேர்த்து சுமார் 19 சதுர அடி இழைக்க வேண்டும். அதே கன அடி 4க்கு 3 நிலைக்கட்டையாக வந்தால் நான்கு பக்கமும் சேர்த்து 14 சதுர அடிதான். மரம் அதே அளவு, உழைப்பு வேறு. நீங்கள் விற்பது மெஷின் ஓடும் நேரத்தை. அதனால் முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வாடகை 12,000. மெஷின்கள் 3 லட்சம், பத்து வருட ஆயுள் என்றால் மாதத் தேய்மானம் 2,500. கடன் வட்டி 2,500. மெஷின்காரர் சம்பளம் 22,500, உதவியாள் 17,500. பெல்ட், பேரிங், கிரீஸ் 2,000. மொத்தம் 59,000. மெஷினில் நீங்களே நின்றாலும் மெஷின்காரர் சம்பளத்தை எழுதத்தான் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

25 நாள், நாளைக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். ஆனால் கூலி கிடைக்கும் நேரம் அதில் பாதிதான் என்று வையுங்கள். மரம் இறக்குவது, பேரம், கத்தி மாற்றுவது, தூள் அள்ளுவது, மின்தடை எல்லாம் மீதியைத் தின்றுவிடும். 59,000ஐ 100ஆல் வகுத்தால் 590. மணிக்கு மின்சாரத்துக்கு 40, கத்தி தீட்ட 40 சேர்த்தால் 670. அதன்மேல் 20 சதவீத லாபம் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 800 ரூபாய், நிமிடத்துக்கு 13 ரூபாய் 33 பைசா.

இப்போது ஒரு வேலைக்கு வருவோம். 8 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தேக்குப் பலகை பத்து. ஒரு அங்குலத்துக்கு இறக்க வேண்டும். சர்ஃபேஸ் பிளேனரில் ஒரு முகத்தைச் சமப்படுத்த 2 ஓட்டம், திக்னஸரில் 4 ஓட்டம். ஓட்டத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால் மோட்டார் திணறும், நார் பிய்யும். பலகை நிமிடத்துக்கு 20 அடி நகரும் என்றால் வெட்டும் நேரம் 24 நிமிடம். தூக்கி வைத்து, நார்போக்குப் பார்த்து, திருப்பிப் போட்டு முடிக்க 55 நிமிடம் ஆகிவிடும். அளவு வைக்க, சோதனைத் துண்டு ஓட்டிப் பார்க்க, மேஜை துடைக்க இன்னும் 15 நிமிடம். ஆக 70 நிமிடம், 933 ரூபாய். பலகையின் பரப்பு ஒரு முகக் கணக்கில் 53 சதுர அடி. அடிக்குப் பதினேழரை ரூபாய் வருகிறது. நீங்கள் வாங்குவது 10. நாள் முழுக்க வேலை இருந்தும் காசு நிற்காத காரணம் இதுதான்.

இதே வேலையில் இரண்டே பலகை வந்தால் அடிக்கு 32 ரூபாய்க்கு மேல் ஆகும், ஏனென்றால் அந்த 15 நிமிடம் குறையாது. ஆகவே கூலியை இரண்டாகப் பிரியுங்கள். அளவு வைக்கும் கூலி 200 ரூபாய், எத்தனை பலகையானாலும் ஒரே தொகை. அதன்மேல் சதுர அடிக்கு 14. தடிமன் மாறும்போதெல்லாம் அந்த 200 மறுபடியும் உண்டு.

ரீப்பருக்கு, அதாவது ஒடுக்கமான மரச்சட்டத்துக்கு, சதுர அடி பேசாதீர்கள். 2 அங்குல ரீப்பரும் 8 அங்குலப் பலகையும் மெஷினைக் கடக்க ஒரே நேரம்தான் எடுக்கும். சதுர அடியில் போட்டால் 8 அடி ரீப்பருக்கு 19 ரூபாய்கூட வராது, செலவாகும் நேரமோ 73 ரூபாய். ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தில் ஓர் அடிக்கு, 9 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து ஓட்டலாமே என்று தோன்றும். தடிமன் கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் ரோலர் மெலிந்ததைப் பிடிக்காது, கத்தி அதைப் பின்னால் எறியும். நேரே நிற்பவர் வயிற்றில்தான் வந்து அடிக்கும். செய்யாதீர்கள்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பிரித்த வீட்டுப் பழைய தேக்கு நிறைய வருகிறது. போன வாரம் ஆணியில் பட்டுக் கத்தி பல்லாகிவிட்டது. கூடுதலாக எவ்வளவு கேட்கலாம்?

பதில்: கத்தி தீட்ட 300 ரூபாய் என்றால் நட்டம் 300 அல்ல. கழற்றி மாட்டி மட்டம் வைக்க அரை மணி நேரம், அதாவது 400. மொத்தம் 700. பல் ஆழமாக இருந்தால் கத்தியின் அகலத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தேய்த்தாக வேண்டும், அதன் ஆயுளும் குறையும். இந்தத் தொகையை மரம் இறக்கும்போதே சீட்டில் எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆணி பிடுங்குவது அவர் பொறுப்பு. நீங்கள் செய்தால் அதற்கு மணிக்கூலி தனி. கையில் பிடிக்கும் உலோகக் கண்டறிவான் ஒன்று அவசியம் வாங்குங்கள். தலை ஒடிந்த ஆணி சுண்ணாம்புப் பூச்சுக்குள் கண்ணுக்கே தெரியாது. பூச்சும் மணலும் ஆணிக்குச் சளைத்தவை அல்ல, கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே மெஷினுக்கு ஏற்றுங்கள். தேக்கிலேயே மணற்சத்து உண்டு, புது மரமும் கத்தியைச் சீக்கிரம் மழுக்கும். தேய்ந்து ஓரம் கட்டிய கத்தி செட் ஒன்றைப் பழைய மரத்துக்கென்றே வைத்திருப்பது நல்லது.

நடு வேலையில் சிறு பல் விழுந்து பலகையில் கோடு எழும்பினால், ஒரு கத்தியை மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒன்று விட்ட கோட்டை மற்றது சீவிவிடும். அன்றைய வேலை முடியும்.

கேள்வி: வேப்பம் பலகையை நேராக இழைத்துக் கொடுத்தேன். நான்கு நாளில் வளைந்துவிட்டது என்று கூலியைப் பிடித்துக்கொண்டார்.

பதில்: ஈரப்பதமானி வைத்துப் பார்த்தீர்களா? 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முடிவளவுக்கு இழைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பலகையில் ஒரே பக்கம் சீவினால் ஈர முகம் வெளியே வரும். அது காய்ந்து சுருங்கும்போது பலகை அந்தப் பக்கமாகக் குழியும். இரு முகத்திலும் சம அளவு எடுத்து, 2 மில்லிமீட்டர் மிச்சம் விட்டு, இடையில் ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கடைசி இழைப்பு. இது இரண்டு வேலை, அளவு வைக்கும் கூலியும் இரண்டு முறை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: திக்னஸரில் பலகையின் இரு முனையிலும் இரண்டு மூன்று அங்குலம் சற்று அதிகமாக வெட்டிவிடும். முனைக்கு 3 அங்குலம் கூடுதல் நீளம் வைத்துக் கொண்டுவரச் சொன்னால் பிறகு தகராறு வராது.

கேள்வி: மரம் குறைந்துவிட்டது என்கிறார்கள். சீவல் யாருக்குச் சொந்தம்?

பதில்: ஒன்றேகாலை ஒன்றாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு சீவலாகத்தான் போகும். வந்த அளவையும் தரப்போகும் அளவையும் சீட்டில் எழுதுங்கள். சீவல் மரக்காரருடையது, விட்டுப்போனால் உங்களுக்கு என்பதையும் அதே சீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிராய்லர் பண்ணைக்காரர்கள் தரையில் பரப்ப வாங்குவார்கள். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், ஆணித்துகள் உள்ள பழைய மரம் இவற்றின் சீவலை அதில் கலக்காதீர்கள், கோழி கொத்தும்.