வக்கீலுக்கு எந்த மொழி வேண்டும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறேன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளி நாளிலிருந்தே வக்கீலாக ஆசை. அப்பா பி.காம். சேர்த்துவிட்டார். இப்போது மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மூன்று வருட எல்.எல்.பி. படிக்கலாமா என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். இந்த வயதில் சேர்ப்பார்களா? தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். என் ஆங்கிலம் கோர்ட்டுக்குத் தாங்குமா?

வி.

அன்புள்ள வி.,

வயதை முதலில் முடித்துவிடுகிறேன். 2008-இல் வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று வரம்பு வைத்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பட்டப்படிப்பில் 45 சதவீதம் இருந்தால் சி.இ.டி. என்கிற நுழைவுத் தேர்வை எழுதுங்கள். வீட்டில் சிரிப்பதற்கு என்னிடம் மருந்தில்லை. நான் எழுதுவதைப் பார்த்து என் வீட்டிலும்தான் சிரிக்கிறார்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். முழுநேரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது. கணக்கு எழுதுகிறவர் இந்தக் கணக்கை அல்லவா முதலில் போட்டிருக்க வேண்டும்?

எனக்குக் கோபம் வந்தது அந்த ஆங்கிலக் கேள்வியில்தான். ஹைகோர்ட்டில் ஆங்கிலம், சரி, அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. உங்களை நாளைக்கே அங்கே யாரம்மா கூப்பிடப் போகிறார்கள்? உங்களிடம் முதலில் வரப்போவது நம் ஜனங்கள். அவர்கள் கையில் இருக்கும் காகிதம் மராத்தியில் இருக்கும். மாநகராட்சி நோட்டீஸ் மராத்தி, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது மராத்தி. மும்பையில் பிறந்து வளர்ந்து காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவோடு அதை நிறுத்திவிட்டோம் நாம்.

ஆன்டாப் ஹில்லில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீட்டுக்கு 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். ஆச்சியிடம் எல்லாம் இருந்தது. ஜவுளிக்கடைப் பைக்குள் ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல். பில்லின் மடிப்பில் ஒட்டிய செல்லோடேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஆனாலும் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று சுவரில் ஒட்டிய அனெக்சர் 2 பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘தகுதியற்றவர்’ என்று மராத்தியில் ஒரு வரி. பக்கத்திலேயே காரணம் இன்னொரு வரி.

வக்கீல் ஒருவரைப் பிடித்தார்கள். நம்மவர்தான், ஆங்கிலம் அருவியாகக் கொட்டும். ஃபீஸ் வாங்கிக்கொண்டு, வாழும் உரிமை, 21-வது பிரிவு என்றெல்லாம் பக்கம் பக்கமாக மனு எழுதினார். அந்த இரண்டாவது வரியை மட்டும் அவர் படிக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

படித்துச் சொன்னது ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கும் பெண். “மூணு பேப்பர்லயும் பேர் வேற வேற, மாவ்சி.” அவ்வளவுதான் விஷயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இங்கே படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் செத்துப்போன புருஷனின் பெயரே குடும்பப் பெயராகியிருந்தது. மூவரும் ஒருவரே என்று அந்தப் பெண் ஒரு அஃபிடவிட், அதாவது பிரமாணப் பத்திரம், அடித்துக் கொடுத்தாள். அப்பீலில் அதைத்தான் பார்த்தார்கள்.

அவள் சட்டம் படித்தவள் இல்லை. நீங்கள் படித்துவிட்டு அவள் செய்ததைச் செய்யுங்கள் என்கிறேன். 1935-இல் அம்பேத்கர் முதல்வராக இருந்த சர்ச்கேட் அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேறு கல்லூரி. கல்லூரிப் பெயரை வைத்துக்கொண்டு அழாதீர்கள். மாலையில் அரை மணி நேரம் மராத்திப் பேப்பரை வாய்விட்டுப் படியுங்கள், சிரிப்பவர்கள் காதில் விழட்டும்.

சி.இ.டி. விண்ணப்பத்தைத் தொடும் முன் உங்கள் மதிப்பெண் பட்டியல், ஆதார், கல்யாணச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கெஜட்டில் போட வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.