ஜிம் உடை விளம்பரத்தில் பெருத்த உடம்பும் நரைத்த தலையும்: நிஜ மாற்றமா, வெறும் வியாபாரமா?

கேள்வி இது: "பெண்களுக்கான ஜிம் உடை, யோகா உடை விளம்பரங்களில் இப்போது குண்டான மாடல்கள், நடுவயதுப் பெண்கள் எல்லாம் வருகிறார்களே. கம்பெனிகள் உண்மையிலேயே மாறிவிட்டனவா, இல்லை இதுவும் விற்கிற தந்திரம்தானா?"

வியாபாரம்தான், அதிலென்ன சந்தேகம். துணி விற்கிறவர் துணி விற்கத்தான் விளம்பரம் போடுவார். நான் பார்ப்பது வேறு. படத்தில் நிற்கும் அந்தப் பெண் போட்டிருக்கிற சைஸ் கடையில் கிடைக்கிறதா? கிடைத்தால், அது அவள் உடம்புக்கென்று வெட்டியதா, இல்லை ஒல்லியான பெண்ணுக்கு வெட்டியதை இழுத்து அகலப்படுத்தியதா?

நான் திருப்பூரில் ஒரு உடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது வாங்குகிற கம்பெனிக்கும் தைக்கிற ஆலைக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக்கொடுப்பவள். 22 வருடமாக இதே வேலை. வயது 49, போடுவது எக்ஸ்எல், சில கம்பெனிகளில் டபுள் எக்ஸ்எல். ஆகவே இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு ஸ்போர்ட்ஸ் ப்ராவோ லெக்கின்ஸோ எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி, உடையின் முழு விவரத்தையும் எழுதி அனுப்பும் தாளுக்கு டெக்பேக் என்று பெயர்; அதில் அளவுப் பட்டியல் இருக்கும். முதல் சாம்பிள் பெரும்பாலும் எஸ் அல்லது எம். அதை ஒரு மாடலுக்குப் போட்டுப் பார்த்து, இங்கே கால் இஞ்ச் குறை, அங்கே தையலை நகர்த்து என்று மூன்று நான்கு முறை திருத்துவார்கள். மற்ற சைஸ்களெல்லாம் அந்த ஒன்றிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பவை. சைஸுக்கு இவ்வளவு என்று மார்பில், இடுப்பில், தோளில் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். கிரேடிங் என்போம். எஸ்ஸிலிருந்து எல் வரை இது பெரிதாக மோசம் போகாது. அதற்கு மேலே போனால்தான் வினை, ஏனென்றால் உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் பெருப்பதில்லை. எனக்கு வயிறு போட்டது, தோள் கல்யாணத்தின்போது இருந்த தோள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆர்டரில் டபுள் எக்ஸ்எல் ப்ரா சாம்பிள் வந்தது. டம்மியில் மாட்டினால் அழகாக இருந்தது. செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்காவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கையைத் தூக்கினார், ஒரு பக்கத்து ஸ்ட்ராப் தோளைவிட்டு நழுவியது. குனிந்தார், அடிப்பட்டி அப்படியே சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. துணி வெட்டுவதற்கான அளவு வரைபடமான பேட்டர்னைப் போடுகிற மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, பேட்டர்ன் கோட்டை இழுத்து அகலம் பண்ணீட்டா ஆச்சுங்களா? ஒடம்பு என்ன பலூனுங்களா, ஊதுனா எல்லாப் பக்கமும் ஒண்ணாப் பெருக்க?" பெரிய சைஸுக்குத் தனி பேட்டர்ன் போட்டால்தான் சரிவரும் என்பது அவர் கட்சி. பையரிடம் எழுதினேன். செலவு கூடும், நாள் கூடும், அந்த சைஸில் ஆர்டரே கொஞ்சம்தான், இருக்கிறபடியே அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அந்த ஆர்டரின் விளம்பரப் படத்தில் ஒரு பருமனான பெண்தான் சிரித்துக்கொண்டு நின்றாள். கையைத் தூக்காமல்.

துணியும் இதில் சேர்த்தி. இழுத்தால் எந்தத் துணியும் மெலியும். எம் சைஸ் உடம்பில் கெட்டியாகத் தெரியும் லெக்கின்ஸ், பெரிய தொடையில் கூடுதலாக இழுபட்டு, உட்கார்ந்து எழும்போது உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். 2013 மார்ச்சில் கனடாவின் லுலுலெமன் தன் கறுப்பு யோகா பேன்ட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது, உள்ளே தெரிகிறது என்று. கடைகளில் இருந்த பெண்கள் பேன்ட்களில் சுமார் 17 சதவீதம் அப்படிப் போனது. அந்த நவம்பரில், துணி நூல் திரண்டு பிசிறுகிறதே என்ற புகார் பற்றி ப்ளூம்பெர்க் தொலைக்காட்சியில் பேசிய நிறுவனர் சிப் வில்சன், சில பெண்களின் உடம்பு இந்த பேன்ட்டுக்குச் சரிப்பட்டு வராது, தொடை உரசுவதுதான் விஷயம் என்கிற மாதிரி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். டிசம்பரில் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. உரசினால் துணி பிசிறும் என்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதற்குத்தான் லேபில் பில்லிங் டெஸ்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தேறாத துணியை மாற்றுவோம். தொடையை மாற்றச் சொல்லி எந்த டெக்பேக்கிலும் நான் பார்த்ததில்லை.

அதே கம்பெனி 2020இல் அமெரிக்கக் கணக்கில் 20 வரை சைஸ் கொண்டுவந்தது. வில்சன் மட்டும் மாறவில்லை. 2024 ஜனவரியில் ஃபோர்ப்ஸுக்குக் கொடுத்த பேட்டியில், அந்தக் கம்பெனி விளம்பரங்களில் எல்லா வகையான ஆட்களையும் போடுவதைக் குறை சொன்னார். கம்பெனி, அது எங்கள் கருத்தல்ல என்று ஒதுங்கிக்கொண்டது.

அப்புறம் லண்டன் கதை. 2019 ஜூனில் ஆக்ஸ்ஃபர்ட் தெரு நைக்கி கடையில், பருமனான உடம்புள்ள பொம்மைக்கு லெக்கின்ஸ் மாட்டி நிறுத்தினார்கள். டெலிகிராஃப் பத்திரிகையில் ஒரு கட்டுரை, இந்த உடம்பால் ஓடவே முடியாது என்கிற ரீதியில் வந்தது. உடனே அதே சைஸில் மாரத்தான் ஓடிய பெண்கள் தங்கள் படங்களைப் போட்டுப் பதில் சொன்னார்கள். எனக்கு அந்தக் கட்டுரையின் நியாயம்தான் புரியவில்லை. குண்டாக இருந்தால் உடற்பயிற்சி செய் என்கிறீர்கள். சரி, போகிறேன். எதைப் போட்டுக்கொண்டு போவது?

இந்த விளம்பரங்களிலேயே என் மனதுக்குப் பிடித்தது துணி விற்காத ஒன்று. ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற பொது அமைப்பு 2015 ஜனவரியில் தொடங்கிய 'திஸ் கேர்ள் கேன்'. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் நிறையப் பெண்கள் விளையாட வருவதில்லை என்று கண்டுபிடித்து, அந்தப் பயத்தையே விளம்பரத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். தொழில்முறை மாடல்கள் கிடையாது. நீச்சலுடையில் ஒரு பெண் குளத்தை நோக்கி நடக்கிறாள், நடந்தபடியே பின்பக்கத்து துணியை இழுத்துச் சரிசெய்துகொள்கிறாள். குதிக்கிறவர்களின் வயிறு குலுங்குகிறது, அதை யாரும் வெட்டி எறியவில்லை. அவர்களுக்கு விற்க ஸ்டாக் எதுவும் இல்லாததால் வந்த தைரியம் அது என்பது என் சந்தேகம்.

விற்கிறவர்களின் சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் முதலாளி இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். பெரிய பீஸுக்குத் துணி அதிகம் போகும். ஆனால் பெரும்பாலும் எல்லா சைஸுக்கும் ஒரே விலை. எந்த சைஸில் எத்தனை பீஸ் என்கிற ரேஷியோ தப்பினால் சரக்கு தேங்கும். அமெரிக்காவின் ஓல்ட் நேவி 2021 ஆகஸ்டில் பெண்கள் உடை எல்லாவற்றையும் 0 முதல் 28 வரை, ஒரே விலையில், கடைகளிலேயே வைத்தது. நல்ல முயற்சி. அடுத்த வருடமே நடு சைஸ்கள் தீர்ந்துபோய் இரண்டு ஓரத்து சைஸ்களும் தேங்கிக் கிடந்தன. கடைகளில் பெரிய சைஸ்களைக் குறைத்தார்கள். பெரிய உடம்புக்காரர்கள் வாங்கவில்லை என்று இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள் சிலர். இத்தனை காலம் உனக்கு இங்கே ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிய கடைக்கு அவர்கள் ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்களா?

உடம்பாவது பரவாயில்லை, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வயதில் இன்னும் கிணற்றடியிலேயே நிற்கிறார்கள். நரைத்த பெண் விளம்பரத்துக்கு வருவதென்றால் அதிசயமாகத்தான் வர வேண்டும். 2016இல் நைக்கி, மடோனா பூடர் என்ற கன்னியாஸ்திரீயைப் போட்டது. 86 வயது, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டிகளை முடித்தவர். அருமையான விளம்பரம். அதே வருடம் நைக்கி இந்தியாவுக்கென்று எடுத்த 'டா டா டிங்' விளம்பரத்தில் தீபிகா படுகோன், ராணி ராம்பால், நம் சென்னை ஜோஷ்னா சின்னப்பா என்று வியர்வை சொட்டச் சொட்ட ஓடினார்கள். அதில் என் வயதில் யாரையும் பார்த்ததாக ஞாபகமில்லை. ஆக, ஒன்று 25 வயது, இல்லை 86. நடுவில் இருக்கிற 60 வருடம் நாங்கள் எங்கே போனோம்? நம் ஊர் டிவியில் தேடினால் கிடைப்போம்: முட்டிவலித் தைலத்தில், சர்க்கரை நோய்க்கான சத்துமாவில், பேரனுக்குக் காப்பீடு எடுக்கும் பாட்டியாக.

பக்கத்துக் கோயம்புத்தூரில் நானம்மாள் பாட்டி சேலையோடு யோகாசனம் போட்டு, 2018இல் பத்மஸ்ரீ வாங்கி, 99 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். கும்பிடுகிற இடத்தில் வைத்துவிட்டால் அவருக்கு என்ன சைஸ் வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய உடம்புக்குத் தேவைகள் வேறு. மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து முதுகில் வியர்வை ஓடும். இடுப்பு போய் வயிறு வரும். உட்கார்ந்து எழும்போது பட்டி வயிற்றை அறுக்கக் கூடாது. இதையெல்லாம் சாம்பிள் போட்டுப் பார்க்கிற இருபத்து மூன்று வயது மாடலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. போன வருடம் ஒரு ஆன்லைன் கடையில் என்னைப் போலவே இருந்த ஒரு மாடலைப் பார்த்து, தொழிலில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய நானே ஏமாந்தேன். சைஸ் பட்டியலைத் திறந்தால் டபுள் எக்ஸ்எல் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. ஆசை விடவில்லை, எக்ஸ்எல் போட்டேன். வந்ததும் கண்ணாடி முன்னால் திரும்பி நின்று குனிந்து பார்த்தேன். உள்ளாடையின் பூ டிசைன்வரை தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் பெரிய சைஸ் வேண்டுமென்றால் காதர்பேட்டைக்குத்தான் போவோம். வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியது அங்கே வரும், தேடினால் த்ரீ எக்ஸ்எல்கூட அகப்படும். விளம்பரமும் இல்லை, மாடலும் இல்லை, குவியலில் கையை விட்டு இழுத்துப் பார்த்து எடுப்பதுதான்.

காலையில் நான் நடக்கிற பூங்காவில் சேலைக்குக் கேன்வாஸ் ஷூ போட்டு நடக்கிற அக்கா ஒருவர் உண்டு, அறுபதைத் தாண்டியவர். ஒருநாள் என் லெக்கின்ஸைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க அளவுக்கெல்லாம் வருதுங்களா?" என்று கேட்டார். எந்தக் கம்பெனி பெயரைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆபீஸ் அலமாரியில் சைஸுக்கு ஒன்றாகத் தைத்த பழைய சாம்பிள்களில் ஒரு த்ரீ எக்ஸ்எல் லெக்கின்ஸ் கிடந்தது, மாஸ்டர் சொன்னபடி தனி பேட்டர்ன் போட்டுத் தைத்து, பையர் வேண்டாமென்று விட்டது. கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது நடக்கிறார். மேலே நைட்டி, தோளில் துண்டு. இன்னொன்று கிடைக்குமா என்று முந்தாநாள் கேட்டார், இந்தத் தடவை பாக்கெட் வைத்து.