கேள்வி – பதில்: பாக்கெட்டில் கிடந்த கேசட்

கேள்வி: அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' தொகுப்பு, வீட்டில் பதிவான மாதிரிப் பதிவுகளையே கொண்டது என்கிறார்கள். ஸ்டூடியோ வசதிக்குக் குறைவில்லாத அவர் அதை ஏன் அப்படியே வெளியிட்டார்? (கோவை வாசகர்)

பதில்: அப்படியே வெளியிடும் எண்ணம் தொடக்கத்தில் அவருக்கு இல்லை. ஸ்டூடியோவுக்குள் போன பிறகு பாட்டை எழுதித் திருத்திக்கொண்டிருந்தால் பணமும் காலமும் கரைகின்றன என்பதால், புதிய பாடல்களை முன்கூட்டியே பாடிப் பார்த்துத் தம் குழுவினருக்குப் போட்டுக் காட்டுவதற்காகத்தான், 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக்கில் இருந்த வாடகை வீட்டின் படுக்கையறையில் அவர் பதிவு செய்ய உட்கார்ந்தார். கருவி, டியாக் நிறுவனத்தின் நான்கு தடக் கேசட் பதிவுக் கருவியான போர்ட்டாஸ்டூடியோ; அதாவது, நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதிந்துகொள்ளலாம். பாட்டும் கிட்டாரும் இரண்டு தடங்களை எடுத்துக்கொள்ள, ஹார்மோனிகாவுக்கும் துணைக் குரலுக்கும் மிஞ்சியவை இரண்டே. பிறகு எக்கோபிளெக்ஸ் என்னும் எதிரொலிக் கருவி வழியாக எல்லாவற்றையும் கலந்து, சாதாரண டேப் ரெக்கார்டர் ஒன்றில் இறக்கினார். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார் என்பதிலிருந்தே அதற்கு அவர் தந்த மதிப்பு விளங்கும்.

அதன் பின்னர் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் தம் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழுவுடன் அதே பாடல்களை வாசித்துப் பார்த்தபோது, வாத்தியங்கள் கூடக்கூடப் பாடல்களில் வரும் மனிதர்கள் காணாமல் போனார்கள். தலைப்புப் பாடலில் பேசுபவன், 1958இல் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் கொலைகள் செய்த சார்லஸ் ஸ்டார்க்வெதரை மாதிரியாகக் கொண்டவன். அவனுக்குப் பின்னால் டிரம்ஸ் முழங்கினால் தன்னந்தனியாக முணுமுணுக்கும் அந்தக் குரலுக்கு என்ன வேலை? கேட்க ஆள் இருப்பதாக எண்ணாமல் பாடிய குரல் அது. ஒலித்தட்டுக்கென்று உணர்ந்து பாடும்போது திரும்பக் கிடைக்காது. கேசட்டின் இரைச்சலே இதன் அழகு என்று சில ரசிகர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதே இரைச்சலோடு சாதாரணப் பாட்டுகள் எத்தனையோ உண்டு.

அதனால் கேசட்டில் இருந்ததையே வெளியிட முடிவானது. ஆனால் வெளியிடுவதும் எளிதாக இருக்கவில்லை. கேசட்டில் இருந்த ஒலியை இசைத்தட்டின் பள்ளத்தில் செதுக்கப் பல முறை முயன்றும் சரிவராமல், கேசட்டாக மட்டுமே வெளியிட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். கடைசியில் ஒலி அளவைத் தாழ்த்திச் செதுக்கியபோதுதான் தட்டு உருவானது. பத்துப் பாடல்களுடன் 1982 செப்டம்பர் 30 அன்று கொலம்பியா நிறுவனம் அதை வெளியிட்டது. அதற்காக அவர் சுற்றுப்பயணம் எதுவும் போகவில்லை.

கேள்வி: அந்தக் கேசட்டில் இருந்த பாடல்கள் அனைத்தும் தொகுப்பில் வந்தனவா? (காரைக்குடி வாசகர்)

பதில்: இல்லை. 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலின் தொடக்க வடிவமும் அதே கேசட்டில்தான் இருந்தது. அது குழுவினரின் கையில் உயிர் பெற்று, 1984இல் அதே பெயர் கொண்ட தொகுப்பின் முதல் பாடலாக முழங்கியது. ஒரே அறையில் ஒரே கிட்டாருடன் பிறந்தவற்றுள் எது தனிமை கேட்கும், எது கூட்டம் கேட்கும் என்பதை வாசித்துப் பார்த்தே அவர்கள் அறிந்திருக்கிறார்கள். குழுவுடன் வாசித்த நெப்ராஸ்கா பாடல்கள் பல ஆண்டுகள் வெறும் பேச்சாகவே உலவி, 2025இல் விரிவுபடுத்திய பதிப்பில் வெளிவந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆனால் கேசட் வடிவத்தை இரவில், விளக்கை அணைத்துவிட்டு முதலில் கேளுங்கள்.