ஸ்கேன் எடுக்க வேண்டியது உங்களுக்கு இல்லை, மாமனாருக்கு

கேள்வி: எனக்கு வயது 36. ஆறு வாரத்துக்கு முன் ஸ்கூட்டர் வேகத்தடையில் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், மயக்கம் வரவில்லை, அன்றே எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனாலும் தலைவலி விடவில்லை. சி.டி.யில் தெரியாத ரத்தக்கட்டு இருக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கவா? கண் துடிக்கிறது, முடி கொட்டுகிறது, தலை நீர் கோத்த மாதிரி பாரமாக இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு (72) சின்னப் புடைப்போடு சரி. கொஞ்ச நாளாகத்தான் மந்தமாக இருக்கிறார், செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடக்கிறார். வயசாகிவிட்டது.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: படித்து முடித்த கையோடு மாமனாரைக் கிளப்புங்கள். நாளைக்கு இல்லை, அமாவாசை கழியட்டும் என்றும் இல்லை, இன்றைக்கே. உங்கள் தலைவலி காத்திருக்கும்.

நாலு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் உங்களைப் பற்றி. அவரைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி, அதையும் நீங்களே வயசின் மேல் போட்டு மூடிவிட்டீர்கள். வயசானால் நடை மெதுவாகும், சரி. காலிலிருந்து செருப்பு கழன்று போனது தெரியாமல் நடக்க வயசு மட்டும் காரணமாகாது. அதுவும் கீழே விழுந்து ஒரு மாதம் கழித்து, அதுவரை நன்றாக இருந்தவருக்கு.

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியதில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு: இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அங்கேதான். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதன் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அதனால் இழுபட்டு விறைப்பாக நிற்கும். சின்ன இடி, சில சமயம் வெறும் குலுங்கல் போதும், அதில் ஒன்று கசிய ஆரம்பிக்கும். கசிவு ரொம்ப மெதுவானது என்பதால் அன்றைக்கு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு "எனக்கொண்ணுமில்லை" என்று டீ குடித்திருப்பார். மூன்று நான்கு வாரத்தில் அது சேர்ந்து மூளையை அழுத்தத் தொடங்கும்போது வீட்டில் யாருக்கும் அந்த விழுந்த கதையே ஞாபகம் இருக்காது. பகலெல்லாம் தூங்குவார், பேரனைப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சட்டைப் பித்தான் போடத் தடுமாறுவார், ஒரு காலை லேசாக இழுப்பார், படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். தலைவலி என்று பல பெரியவர்கள் சொல்லவே மாட்டார்கள். வீட்டிலோ மறதி நோய் என்று நினைத்து வல்லாரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பத்து நொடி பாருங்கள். ஒரு கை தானாக இறங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இறங்காவிட்டாலும் ஸ்கேன் ஸ்கேன்தான், அதைச் சாக்காக வைத்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது நேராக மதுரை பெரியாஸ்பத்திரி. போனதும் முதல் வாக்கியமே "ஆறு வாரத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்தார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்" என்று இருக்கட்டும். மாத்திரை அட்டையைக் கையில் கொண்டு போங்கள். அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஸ்டென்ட் வைத்தவருக்கு அது வேறு ஆபத்து. நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஸ்கேனைப் பார்த்து அவர்கள் சொல்லட்டும். ஆட்டோவில் கூட்டிப் போங்கள், தயவுசெய்து மறுபடி ஸ்கூட்டரில் உட்கார வைக்காதீர்கள். இதற்குள் எழுப்பினாலும் எழவில்லை, வாந்தி, வலிப்பு என்று ஏதாவது வந்தால் யோசிக்காமல் 108.

ரத்தக்கட்டு இருந்தாலும் பயந்து ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் மண்டையோட்டில் ஒன்றிரண்டு சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார்கள். நேரத்தோடு வந்தவர்களில் பலர் நடந்தே வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், உங்கள் தலைவலி மாத்திரையை அவருக்கும் ஒரு நாள் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. அவர் சாப்பிடும் மாத்திரையோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும்.

சரி, உங்கள் கதை. உங்களுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம். அன்றைய ஸ்கேன் நார்மல், வலி காலையில் இல்லாமல் சாயங்காலம் வருகிறது, செல்போன் பார்த்தால் கூடுகிறது, முதல் வாரத்தைவிட இப்போது குறைவு என்று நீங்களே சொல்கிறீர்கள். ரத்தக்கட்டு இப்படி நடந்துகொள்ளாது. நாளுக்கு நாள் ஏறும், தூக்கத்திலிருந்து எழுப்பும், வாந்தியைக் கூட்டி வரும். வலி அப்படித் திரும்பினால் மட்டும் வாருங்கள், அன்றைக்கு நானே எழுதித் தருகிறேன். தலையில் லேசான அடிக்குப் பிறகு சில வாரம் வலி நீடிப்பது சகஜம், கழுத்துத் தசை பிடித்துக்கொண்டிருப்பதும் பாதிக் காரணம். கண் துடிப்பதும் முடி கொட்டுவதும் விழுந்ததால் இல்லை. தலையில் நீரும் கோத்துக்கொள்ளவில்லை, ஆவி பிடிப்பதை நிறுத்துங்கள்.

உங்களைப் படுத்துவது மெடிக்கலில் வாங்கித் தினமும் போடும் அந்த 'செட்டு' மாத்திரை. பிரித்துக் கொடுப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெறும் பாராசிட்டமால்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரை என்றால் 10 நாளே, மூன்று மாதம் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும், நீங்கள் அந்தப் பாதையில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இன்றோடு விடுங்கள். முதல் வாரம் வலி கொஞ்சம் கூடும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். தாங்கவே முடியாத நாளில் மட்டும் பாராசிட்டமால் 500, அதுவும் வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டாமல். இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டாம். சமையல், வேலை, அரை மணி நேர நடை எல்லாம் நடக்கட்டும், தூங்கும் நேரம் ஒழுங்காக இருக்கட்டும், அந்த யூடியூப் டாக்டரைப் பார்க்காமல்.

வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் தினசரி காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். விழுந்து மூன்று மாதம் ஆகியும் வலி தொடர்ந்தால் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அந்தத் தாள்களோடு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.